மைக் நானாவும் பெயர் சொல்லாத அறிஞரும்

எழுதியவரோடு சண்டை பிடிக்காமல் ஒரு புத்தகத்தை வாசித்து முடிக்கத் தெரியாத மனுசர் இந்த இலங்கையிலேயே ஒருவர்தான். அவர் மைக் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நம்பிக்கை இல்லாவிட்டால் கண்டி பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். மைக் நானா என்றால், "ஓ, அந்த வாய்க்காரரா?" என்று சிரித்துவிட்டு நாலு கதை சொல்வார்கள். ஐந்தாவது கதை என்னிடம் இருக்கிறது.

எனக்குக் கண் தெரியாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தெரிந்துகொண்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அந்தச் சத்தத்தைப் பிறந்த நாள் முதல் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போய்விட்டது. படிக்கிற காலத்தில் எனக்குத் தேவைப்பட்டது பாவம் பார்க்கிற ஆள் இல்லை. வாசித்துக் காட்ட ஒரு ஆள், சோதனையில் நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள், அவ்வளவுதான்.

கண்டிப் பக்கம் நான் டீச்சர் வேலைக்குப் படித்த கல்லூரியில் என்னைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஒரு உதவிப் பிரிவு இருந்தது. ஒரு அறை, ரெண்டு கதிரை, ஒரு அலுமாரி, ஒரு மிஸ். சக்கர நாற்காலிப் பிள்ளைகள் ஏறி வரச் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். பாதை முடிகிற இடத்தில் வாசற்படி ஒன்று நின்றது. கேட்டால், "படிய எடுத்தா மழத்தண்ணி உள்ளுக்கு வந்துரும்" என்று பதில். மிஸ் தங்கமானவர். ஆனால் தமிழ்ப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தர ஆள் கிடைக்காமல் பாவம், கண்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அப்படித்தான் திகனையிலிருந்து மைக் நானா வந்து சேர்ந்தார்.

நானா பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தே நரைத்தவர். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது புறப்படுகிறது என்று சிங்களத்திலும் தமிழிலும் முழங்குவது அவர் வேலை. பென்சன் வந்துவிட்டது, தொண்டைக்கு மட்டும் பென்சன் வரவில்லை. வீட்டில் அவர் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வருமாம். "எங்கயாச்சும் போய் ஒங்கட சத்தத்த எறக்கி வெச்சிட்டு வாங்க" என்று அவர் மனுசிதான் அனுப்பி வைத்ததாகக் கேள்வி.

முதல் பதிவை ஆசையாகக் காதில் மாட்டினேன். "கல்வியியல்! முதலாம் அத்தியாயம்! பொறப்பட ஆயத்தமாக ஈக்குது!" என்று ஒரு இடி விழுந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன். இருக்குது என்பது அவர் வாயில் ஈக்குது. அத்தியாயம் முடிகிற இடத்தில், "ரெண்டாம் அத்தியாயம் போறவங்க இதுலயே ஈந்துகொள்ளவும்" என்று ஒரு அறிவிப்பு. அடிக்குறிப்பு வந்தால், "இது சின்ன எழுத்து மகள், ஏமாத்துறத்துக்குத்தான் இப்பிடிச் சின்னனா அடிக்கிற" என்று ஒரு எச்சரிக்கை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எழுதியவரோடு அவர் போடுகிற சண்டைதான் தாங்க முடியாதது. ஒரு இடத்தில் நல்ல பிள்ளையாக வாசித்துக்கொண்டு வருகிறார்: "தோட்டப்புற மாணவர் இடைவிலகுவதற்கு முதன்மைக் காரணம் பெற்றோரின் ஆர்வமின்மையே ஆகும்." பிறகு மேசையில் ஒரு குத்து. "ஆர்வமில்லயாம்! காலம்பொற பஸ் வராட்டி அந்தப் புள்ள ஆர்வத்துல ஏறியா ஸ்கூலுக்குப் போற? இவர் ஒரு நாளாச்சும் ஹேவாஹெட்ட பஸ்ஸுல தொங்கி ஈப்பாரா?" உடனே குரல் இறங்கி, "அடுத்த பந்தி" என்று சாதுவாக வாசிப்பு தொடரும்.

இன்றைக்குப் போனே புத்தகத்தை வாசிக்கிறது. சுத்தமாக, பிசிறில்லாமல் வாசிக்கிறது. எனக்கென்னவோ பத்து நிமிசத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. நானா வாசித்தால் தூங்க முடியுமா? உடுப்புத் துவைக்கும்போதும் ஹொஸ்டல் படியில் உட்கார்ந்திருக்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்டேன். புத்தகம் மனப்பாடமானது. கூடவே சண்டையும் பாடமானது, அது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசிச் சோதனை நெருங்கியது. முந்தின தடவை எனக்கு எழுத வர வேண்டியவர் வரவே இல்லை. ஹோலில் பேனைகள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வாய் நிறையப் பதிலோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கொடுமையை எதிரிக்கும் நினைக்க மாட்டேன். இதுதான் எனக்குக் கடைசிச் சந்தர்ப்பம். அம்மாவோ, "எம்மவ டீச்சராகப் போறா" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு, மலையில் கொழுந்து பறிக்கிற இடத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். தவறினால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது?

எனக்குச் சோதனை எழுத வருகிறவர் அந்தப் பாடத்தைப் படித்தவராகவோ படிப்பிப்பவராகவோ இருக்கக் கூடாது, தமிழ் எழுதத் தெரிய வேண்டும். மிஸ் தேடித் தேடிக் களைத்துக் கடைசியில், "நானா, நீங்களே எழுதுறீங்களா? நீங்க வாசிச்சதோட சரிதானே, படிக்கலியே" என்று கேட்டார். நானா கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. "அது மெய்தான் மிஸ், நான் சண்டதானே புடிச்ச" என்றார்.

ஒத்திகை வைத்தோம். நான் சொன்ன முதல் வரிக்கே, "அது சரி வராது மகள்" என்று ஆரம்பித்துவிட்டார். மிஸ் கத்தினார். "நானா! சோதனையில வாயத் தொறந்து ஒரு சொல்லு சொன்னீங்களோ, பேப்பர் கேன்சல். அவ சொல்றத மட்டும் எழுதணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது." நானா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த ஒத்திகைத் தாளை மிஸ் வாசித்துக் காட்டினார்: "கல்வியின் நோக்கங்கள் பலவாகும் நானா கொஞ்சம் இருங்க மூக்கச் சிந்திக்கிறேன் அவற்றுள் முதலாவது…"

சோதனை நாள் காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. திகனையிலிருந்து மனுசர் எப்படி வருவார் என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஹோல் வாசலுக்குப் போனால், "எங்க மகள் இவ்வளவு நேரம்?" என்று நனைந்த குடையை உதறுகிறார். முந்தின பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்தவராம். "வாய என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன். "பூட்டு கொண்டுவந்தீக்கேன்" என்று எதையோ வாயில் போட்டார். தொண்டைக்குப் போடுகிற கட்டி டொபி மிட்டாய். பல்லில் பட்டுக் கடகடவென்று உருண்டது.

எங்களுக்குத் தனி மேசை. காவலுக்கு இருந்த சிங்கள அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் நானாவின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று மிஸ் ஏற்கனவே சொல்லியிருந்தார். நான் சொன்னேன், பேனை ஓடியது. இடைவிலகல் கேள்வி வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆர்வமின்மையைச் சொல்லி முடித்து, அதே வேகத்தில், "எனினும் அறிஞர் ஒருவர் கூறுவதுபோல், காலையில் பஸ் வராவிட்டால் மாணவர் ஆர்வத்தில் ஏறிப் பாடசாலைக்குச் செல்ல இயலாது" என்றேன்.

கறக்!

டொபி உடைந்த சத்தம். பேனை நின்றுவிட்டது. "மொக்கத ஏ சத்தே?" என்ன சத்தம் அது என்று அந்த அம்மா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போச்சு. நானா வாயைத் திறந்தாராம், பிறகுதான் சொன்னார். சொல்லுக்கு இல்லை, உள்ளே கிடந்த டொபித் துண்டுகளை அந்த அம்மாவுக்குக் காட்ட. அந்த அம்மா களுக்கென்று சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பேனை மெதுவாக, மிக மெதுவாக ஓடியது.

வெளியே வந்ததும் அடைத்து வைத்திருந்தது எல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "யா அல்லாஹ்! மகள், அது நான் சொன்னது! பொத்தகத்துல இல்ல!"

"ஐயய்யோ! அப்ப ஏன் எழுதுனீங்க?"

"நீங்க சொன்னீங்களே! சொன்னத எழுதுறதுதானே என்ட வேல? என்னையே அறிஞர்ண்டு என்ட கையாலயே எழுத வெச்சிட்டீங்களே மகள்!"

ரிசல்ட் வருகிற வரை மனுசர் மனுசராக இல்லை. அடுத்த பிள்ளைகளுக்கு வாசித்த புத்தகங்களில் ஒரு சண்டை கிடையாது, ஒரு இடி கிடையாது. மிஸ் பயந்துபோய், டொக்டரிடம் காட்டச் சொன்னார். எனக்குப் போன் எடுத்தால் குரலே எழும்பாது. "நான்தான் ஒங்கள பிழையான பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டேன்" என்பார். எனக்கும் பயம்தான், ஆனாலும் அவருக்குத் தைரியம் சொல்லுகிற வேலை எனக்கு வந்துவிட்டது.

ரிசல்ட் வந்தது. பாஸ்! அப்பாடா என்று நான் விட்ட மூச்சு ஹந்தானை மலை வரைக்கும் போயிருக்கும். பாடம் எடுத்த சேர் கூப்பிட்டு, "எல்லாம் நல்லாச் செஞ்சிருக்கீங்க. அந்த ஒரு பந்திக்கு மட்டும் புள்ளி போடல. யாரு அந்த அறிஞர்? பேரே இல்லியே" என்றார்.

"திகனைக்காரர் சேர்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நானாவுக்குப் போன் போட்டேன். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது. பழைய தொண்டை திரும்பிவிட்டது. பிறகு சேர் சொன்னதையும் சொன்னேன். "மகள், அந்தப் பந்திக்கு ஒண்டுமே போடலியா?"

"ஒண்டுமே போடல நானா."

"ஏன்? அதுல என்ன பிழை?"

ஊருக்குப் போகிற அன்று என்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவதற்கென்றே கண்டிக்கு வந்தார். முன் சீட்டில் உட்கார வைத்து, பையை மடியில் தந்துவிட்டு, எங்கேயோ காணாமல் போனார். திடீரென்று ஒலிபெருக்கி கரகரத்தது. புதிதாக வேலைக்கு வந்தவரிடம் கெஞ்சி மைக்கை வாங்கிவிட்டார் என்று புரிந்தது.

"ஹேவாஹெட்ட பஸ் பொறப்பட ஆயத்தமாக ஈக்குது! முன் சீட்டுல ஒரு டீச்சர் ஈக்குறாங்க. டிரைவர் தம்பி, வளைவுல பாத்துப் போங்க!"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அன்று வரை அம்மா எல்லாரிடமும் சொன்னது, நான் டீச்சராகப் போகிறேன் என்றுதான். டீச்சர் என்றே என்னை முதன்முதலில் சொன்னது அந்தத் தொண்டைதான்.