கார்க்கடையில் நான் சொன்ன "வேண்டாங்க"

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், முதல் தரம் கேட்டவுடனே தேத்தண்ணியை வாங்கிக் குடிக்கிற ஆள் கிடையாது. "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றால், "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டும். (காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டோம், அது வேறு விஷயம்.) இரண்டாம் தரம் கேட்டால், "ஐயோ, எதுக்குங்க சிரமம்" என்று முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு எழுந்திருக்கிற மாதிரி காட்ட வேண்டும். மூன்றாம் தரம் கையைப் பிடித்து உட்கார வைத்தால்தான் குடிப்பது.

லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை அறைகளில், பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நாளில் மாசக் கடைசியில் எந்தக் காம்பராவிலும் சீனி இருக்காது. கேட்கிறவர் தன் மானத்துக்குக் கேட்பார், நாம் அவர் மானத்துக்காக மறுப்போம். மூன்றாம் தரமும் விடாமல் கேட்டால் அந்த வீட்டில் உண்மையாகவே சீனி இருக்கிறது என்று அர்த்தம். மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டு அடுத்த வீட்டு அடுப்படியில் குடித்த தேத்தண்ணியின் ருசி இப்போது எவ்வளவு சீனி போட்டாலும் வருவதில்லை.

இந்தப் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டு நான் கார்க்கடைக்குப் போனதுதான் வினையாகப் போனது.

என் மகள் சுகந்தி பதுளையில் நர்ஸ். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். இருவரும் சேர்ந்து, பெட்ரோல் கேட்காமல் கரண்டில் ஓடுகிற புதுக் கார் ஒன்றுக்கு ஓடர் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். நான் அப்புத்தளைப் பக்கத்தில் எங்கள் பழைய தோட்டத்திலேயே இருக்கிறேன். இடுப்பு வலிக்காக மாசா மாசம் பதுளை கிளினிக்குக்குப் பஸ்ஸில் போவேன். விடிகாலைப் பனியில் அந்த பஸ் சீட் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். இடுப்பில் நனைந்த சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் மழையில் கொழுந்து எடுத்த உடம்பு இது. இடுப்பில் எலும்பு இருக்கிறதோ என்னவோ, குளிர் இருக்கிறது.

"அம்மா, அந்தக் காருல சீட்டே சூடாகுமாம். ஓடர் குடுக்கும்போது கேட்டா போட்டுக் குடுப்பாங்க. ஒங்க இடுப்புக்கு நல்லது" என்றாள் சுகந்தி.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. (முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடினாலும் சீட்தான் வந்து நின்றது.) ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்ல வாய் வரும். ஆசையாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கம்.

கார்க்கடையில் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. நான் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். (மற்ற எல்லோரும் செருப்போடும் சப்பாத்தோடும் நடந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.) உள்ளே ஏசி வேறு. அப்புத்தளைக் குளிரைக் கடையில் வைத்து விற்கிற மாதிரி இருந்தது.

மகளையும் மாப்பிள்ளையையும் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார்கள். போகும்போது சுகந்தி, கழுத்துப்பட்டி கட்டிய கடைத் தம்பி ஒருவரிடம், "எக்ஸ்ட்ரா சாமான் எல்லாம் அம்மாக்கிட்ட கேட்டுப் போடுங்க. அவங்களுக்காகத்தான் இந்தக் காரே" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

தம்பி கொழும்புக்காரர். நல்ல பிள்ளை. "டீ குடிக்கிறீங்களா அம்மா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"வேண்டாங்க."

"ஓகே அம்மா" என்று போய், தனக்கு மட்டும் ஒரு கப் கொண்டுவந்து என் முன்னாலேயே குடித்தார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கையில் சிலேட்டு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"காலடிக்கு கார்பெட் போடவா அம்மா?"

"வேண்டாங்க."

"டயருக்குப் பின்னால சேறு அடிக்காம ரப்பர்?"

"எதுக்குங்க சிரமம்."

"மேல கண்ணாடிக் கூரை வைக்கலாம். உள்ள இருந்தே வானம் தெரியும்."

"வானம் வெளியில நின்னாலும் தெரியுந்தானுங்களே."

"ஸ்பேர் வீல்? இந்தக் காருக்கு அத தனியாத்தான் கேக்கணும்."

"இருக்கிற நாலு போதுங்க."

ஒவ்வொன்றுக்கும் "ஓகே அம்மா" என்று சிலேட்டில் விரலால் தட்டிக்கொண்டே போனார். எனக்கு ஒரு கவலையும் இல்லை. இது முதல் சுற்று. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து கேட்பார். இரண்டாம் சுற்றில் கொஞ்சம் இழுத்துப் பேச வேண்டும், மூன்றாம் சுற்றில் சீட்டுக்கு மட்டும் "சரி, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அது வந்தது. "சீட்டுக்கு ஹீட்டர் போடவா அம்மா? குளிருக்கு நல்லாருக்கும்."

வாய் பழகிய வழியில் போனது. "வேண்டாங்க... நமக்கெல்லாம் எதுக்குங்க... எங்க பக்கம் குளிருதான் கொஞ்சம் ஜாஸ்தி..."

"ஓகே அம்மா, அப்ப வேணாம்."

அவ்வளவுதான். சிலேட்டை மூடினார். இருமிப் பார்த்தேன். இடுப்பைத் தேய்த்துப் பார்த்தேன். லேசாக முனகியும் பார்த்தேன்.

தம்பி கவனித்துவிட்டார். "குளிருதா அம்மா? ஏசிய நிப்பாட்டவா?"

"வேண்டாங்க" என்றேன்.

சுகந்தி வந்து, "அம்மா, எல்லாம் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேம்மா." (பொய் இல்லையே.) அவள் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு வேறு எதைச் சொல்வது? அந்தத் தம்பி எங்கள் வீட்டுக்குப் போன் போட்டாவது இன்னொரு தரம் கேட்பார் என்று கார் வருகிற நாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கார் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி முடிந்ததும், லயத்துப் பெண்கள் எல்லோரும் சுற்றி நிற்க, சுகந்தி சத்தமாகச் சொன்னாள்: "அம்மா, ஏறுங்க. ஒங்க சீட்ட சூடாக்கிக் காட்டுறேன்."

ஏறி உட்கார்ந்தேன். அவள் பட்டனைத் தேடினாள். மாப்பிள்ளை சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் போனது. எப்படியாவது அந்தத் தேடலை நிறுத்த வேண்டும்.

"சுடுதும்மா" என்றேன். "நல்லா சுடுது."

"பட்டனே அமுக்கலையேம்மா!"

"அது தானா சுடுது."

என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த புஷ்பம் சும்மா இருப்பாளா? "எந்திரி, நானும் பாக்குறேன்" என்று என்னை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். "ஆமாடி! கதகதன்னு இருக்கு!" என்றாள். அவள் எழுந்ததும் இன்னொருத்தி, அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. ஆள் மாற மாற சீட் உண்மையாகவே சூடாகிக்கொண்டு வந்தது. (வரிசையாக இத்தனை பேர் உட்கார்ந்தால் கோயில் கல்படியும்தான் சூடாகும்.)

சுகந்திக்குச் சந்தேகம் தீரவில்லை. கடைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டிவிட்டாள். அந்தத் தம்பியின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது: "அம்மாதான் மேடம் வேணாம்னு சொன்னாங்க. எல்லாத்தையுமே வேணாம்னாங்க. டீ கூட வேணாம்னாங்க."

சுகந்தியின் கண் கலங்கிவிட்டது. "ஏம்மா இப்படி? ஒங்களுக்குன்னு ஆசையா ஒண்ணு செஞ்சேன். அது ஒங்களுக்குப் பிடிக்கலையா?"

அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. வெட்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "எனக்கு அது வேணும்டி! ரொம்ப வேணும்! அவருதான் ஒருக்கா மட்டும் கேட்டுட்டு விட்டுட்டாரு!" என்று கத்திவிட்டேன்.

புஷ்பம் இடுப்பில் கையை வைத்தாள். "ஒருக்காவா? ஒருக்கா மட்டுந்தான் கேட்டானா? அது என்ன மரியாத! பொம்பள புள்ளைங்க எப்படி 'ம்'னு சொல்றது?" லயமே எனக்காக நியாயம் கேட்டது. போனில் அந்தத் தம்பி, "சொறி அம்மா, சொறி அம்மா" என்று யாரிடமென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த சுகந்தி சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சீட்டின் மேல் விரிக்கிற சூட்டு மெத்தை ஒன்றைக் கடையில் தேடிப் பிடித்தவர் மாப்பிள்ளைதான். "வாங்கவா அத்த?" என்றார். "வேண்டாங்க மாப்ள" என்றேன். பாவம், வாத்தியார் இல்லையா, பாடத்தைச் சரியாகப் படித்திருந்தார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாம் தரமும் கேட்டார், மூன்றாம் தரமும் கேட்டார். இப்போது கிளினிக்குக்குக் காரில், பனி மூடிய ரோட்டில் பதுளைக்கு இறங்கும்போது என் இடுப்பு ராஜாத்தி மாதிரி வருகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், ஒன்றைக் கொடுக்க மனமில்லாமல் கேட்பதற்குப் பெயர் "கார்க்கடைக் கேள்வி". சட்டியில் கடைசி வடை கிடக்கும்போது, அதில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே சுகந்தி, "அம்மா, கார்க்கடைக் கேள்வி கேக்குறேன். வட வேணுமா?" என்பாள்.

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் முதல் தரமே தட்டை நீட்டிவிடுகிறேன்.