டேப் பிடித்தவள் சொன்ன அளவு

இந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் மச்சினனை மண்ணைக் கவ்வ வைத்தே தீருவது என்று இன்ஷூரன்ஸ்காரர் சபதம் செய்தபோது அவர் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. சபதம் யாருக்கும் புரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தார்.

"இந்தத் தடவை உன் தம்பி என் வண்டியோட பின்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பான்!"

"போன தடவையே பார்த்தேனே மாமா," என்றான் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சினன். "நான் ரேஸை முடிச்சுட்டு, டீயும் குடிச்சுட்டு வர்றேன், நீங்க வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டிருந்தீங்க."

மனைவி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அது இன்னும் வலித்தது.

மாமாவும் மச்சினனும் ஒரே கிளப்பில் குவாட் பைக் ஓட்டுகிறவர்கள். நாலு பருத்த சக்கரம், நடுவில் ஒரு சீட், மேட்டைக் கண்டால் தாவுவதற்கென்றே செய்த வண்டி. மச்சினன் ஒல்லி. அவன் தாவினால் வண்டி பறக்கும். இன்ஷூரன்ஸ்காரர் தாவச் சொன்னால் வண்டி யோசிக்கும்.

"சரி, தோத்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"தோத்தா ஷெட்டை நீயே எடுத்துக்கோ!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வீட்டை ஒட்டியிருந்த அந்த ஷெட் அவருடைய உயிர். 'காலைத் தூக்குங்க, பெருக்கணும்' என்று யாரும் சொல்லாத ஒரே இடம். மனைவியோ தையல்காரி. தையல் மெஷின் ஹாலில், துணி வெட்டும் பலகை படுக்கையறையில், வாடிக்கையாளர்களின் துணி எல்லா நாற்காலியிலும். அந்த வீட்டில் உட்காருவதற்கு முன் குண்டூசி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது விருந்தாளிகளுக்குக்கூடப் பழகிவிட்டது. ஜன்னலும் மின்விசிறியும் உள்ள ஷெட்டில் வண்டி மட்டும் சுகமாகத் தூங்குவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள்.

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"நானா? மாறவே மாட்டேன். ஆனா நான் ஜெயிச்சா, ஷெட்டுன்ற பேச்சையே நீ ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்," என்றாள். "தம்பி, நீதான்டா சாட்சி."

இவ்வளவு தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஒரு பார்சலிலிருந்து வந்தது. வண்டியின் முன் சக்கரங்களுக்கு மாட்ட இரண்டு ஏர் ஷாக் வரவழைத்திருந்தார். பழைய ஷாக்கில் குலுக்கலைத் தாங்குவது ஸ்பிரிங். இதில் வெறும் காற்று. ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி கூட்டலாம், குறைக்கலாம். மச்சினனிடம் இது கிடையாது. அவனுக்குத் தெரியவும் கூடாது.

சனிக்கிழமை காலை ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, முன் சக்கரங்களைக் கழற்றினார். ஒவ்வொரு ஷாக்கும் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட் என்று நின்றது. மூன்று போல்ட் மரியாதையாக வெளியே வந்தன. நாலாவது வரவில்லை. எண்ணெய் விட்டார், தட்டினார், கெஞ்சினார், அதன் வம்சத்தையே திட்டினார். கடைசியில் ஸ்பேனர் வழுக்கி முழங்கை சுவரில் மோதியபோது போல்ட்டுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், கழன்றுகொண்டது.

புது ஷாக்கைக் கையில் எடுத்தால் கனமே இல்லை. மாட்டினார், முறுக்கினார், அதற்கென்றே வந்த குட்டிப் பம்பால் காற்று அடித்தார். எவ்வளவு அடிப்பது என்று சொல்ல, டப்பாவின் மேல் இருந்த அட்டவணை அவருடைய எடையைக் கேட்டது. இன்ஷூரன்ஸ்காரர் கல்யாணத்தன்று இருந்த எடையைச் சொன்னார். அட்டவணைக்குக் கண் கிடையாது. நம்பிவிட்டது.

அடுத்த கட்டத்தில்தான் சிக்கல். ஹெல்மெட், பூட்ஸ், சகல கவசங்களோடும் ஓட்டுகிறவர் ஏறி உட்கார வேண்டும். முன்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க வேண்டும். மூன்று இன்ச் அமுங்கினால் சரி. அதற்கு மேல் போனால் காற்றைக் கூட்ட வேண்டும், குறைந்தால் இறக்க வேண்டும். உட்கார்ந்தபடியே டேப்போடு குனிந்து பார்த்தார். குனிந்ததற்கே வண்டி கூடுதலாக அமுங்கியது. இறங்கிப் பார்த்தார். இறங்கியதும் வண்டி நிமிர்ந்துகொண்டது. உட்கார்ந்தால் பார்க்க முடியவில்லை, பார்த்தால் உட்கார முடியவில்லை. டேப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

கிளப் ஆட்களைக் கூப்பிட்டால் மச்சினனுக்குத் தெரிந்துவிடும். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். மிச்சம் இருந்தது, நாள் முழுக்க டேப்பும் கையுமாக இருக்கிற ஒருத்தி. அவர் தோற்றால் ஷெட்டை எடுத்துக்கொள்ளப் போகிறவளும் அவளேதான்.

இங்கே அவருடைய உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று துப்புத் துலக்குவது அவர் வேலை. யார் எதைச் சொன்னாலும், 'இதனால் இவருக்கு என்ன லாபம்?' என்றுதான் அவர் மனது முதலில் கேட்கும். வீட்டுக்கு வந்தாலும் அந்த மனதைக் கழற்றி மாட்ட ஆணி கிடையாது. அதனால் ஒரு முடிவுக்கு வந்தார். அவள் பொய்தான் சொல்வாள். சொல்லட்டும். சொல்வதற்கு நேர் எதிராகச் செய்துவிட்டால் வேலை முடிந்தது.

"ஏம்மா, கொஞ்சம் டேப்பை எடுத்துக்கிட்டு வாயேன்!"

கழுத்தில் டேப்போடு வந்தாள். "இது என்ன புதுசா இருக்கு?"

"உன் தம்பிகிட்ட மூச்சு விடக் கூடாது."

"விடலை. என்ன பண்ணணும்?"

சொன்னார். ஆள் ஏறாத வண்டியின் உயரத்தை முதலில் அளந்துகொண்டாள். அவர் ஏறி உட்கார்ந்தார்.

"ரொம்ப அமுங்குதுங்க. அஞ்சு இன்ச் போகுது. இன்னும் காத்து அடிங்க."

ஹெல்மெட்டுக்குள் அவர் புன்னகைத்தார். காற்று கூடிப்போனால் வண்டி விறைத்துக்கொள்ளும், ஒவ்வொரு மேட்டிலும் தூக்கித் தூக்கிப் போடும். அதுதானே உன் திட்டம்! இறங்கினார். இரண்டு பக்கமும் வால்வை அழுத்தினார். புஸ்.

"என்னங்க, அடிங்கன்னா எறக்குறீங்க?"

"எனக்குத் தெரியும். இப்ப பாரு."

"இப்ப ஆறு."

"ஆறா? நல்லாப் பார்த்தியா?"

"தினமும் அளவு எடுக்கறவ நான். ஆறுதான். டப்பாகிட்ட எந்த எடையைச் சொன்னீங்க?"

"என் எடையைத்தான்."

"எந்த வருஷத்து எடை? உங்க பேன்ட்டை ரெண்டு தடவை பிரிச்சு விட்டது நான். என்கிட்டயேவா?"

சாட்சி கோபப்பட்டால் பொய் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். இது ஆபீஸ் அனுபவம். மறுபடி புஸ்.

"ஐயோ, என் மேல சத்தியமாச் சொல்றேன், காத்து அடிங்க!"

சத்தியம் வேறா! சத்தியம் செய்த எந்த ஆளின் மனுவையும் அவர் இதுவரை பாஸ் செய்ததே இல்லை. இன்னொரு புஸ்.

மனைவி டேப்பைச் சுருட்டினாள். அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆட்டம் க்ளோஸ் என்று இன்ஷூரன்ஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். அவளை நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஜெயித்து வந்ததும் ஹாலில் அவளுக்கு ஒரு நல்ல டியூப்லைட் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று பெருந்தன்மையோடு தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பந்தயம் பார்க்க வரவில்லை. நிறைய வேலை இருக்கிறது என்றாள். சரிதான், தோல்வியை நேரில் பார்க்கத் தெம்பு இல்லை என்று அவர் கிளம்பினார்.

கொடி அசைந்தது. நேர்ப் பாதையில் அவர்தான் முன்னால். மச்சினன் அவர் வண்டியின் பின்பக்கத்தை நிஜமாகவே பார்த்தான். பிறகு முதல் மேடு வந்தது. தாவினார். ஆகா, அற்புதமான தாவல்! இறங்கியதுதான் கோளாறு. முன்பக்கம் அடிவரைக்கும் போய், டங்கென்று இரும்பு இரும்பில் இடித்தது. மேல் பல் கீழ்ப் பல்லைச் சந்தித்தது. இரண்டாவது மேட்டிலும் டங். அப்புறம் சின்னச் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் வண்டி மூக்கைத் தரையில் தேய்த்துவிட்டு நிமிர்ந்தது.

"மாமா!" என்று பக்கத்தில் வந்து கத்தினான் மச்சினன். "உங்க வண்டி யாரைக் கும்பிடுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மூன்றாவது மேடு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். மச்சினன் போனான். அவனுக்குப் பின்னால் எல்லாரும் போனார்கள். கிளப்பில் போன வாரம் சேர்ந்த பல் டாக்டரம்மாகூட, அவர் தாடையை அக்கறையோடு பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்.

வழியெல்லாம் காரணம் தேடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மணல் ஈரம். எதிர்க்காற்று. வயிறு சரியில்லை. கேட்டைத் திறந்தபோது ஷெட் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. வெட்டும் பலகை ஜன்னலோரம். அவர் ஸ்பேனர் மாட்டும் ஆணிகளில் வரிசையாக ரவிக்கைகள். அவருடைய சாமான்களெல்லாம் வெளியே, கூரைச் சரிவின் கீழ், தார்ப்பாய் போர்த்தி ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"உன் தம்பி போன் பண்ணிட்டானா?"

"இல்லையே. நீங்க தெருமுனை திரும்பினதுமே நான் சாமானை மாத்த ஆரம்பிச்சுட்டேன்."

"ரேஸுக்கு முன்னாடியேவா! அப்ப, அளவை மாத்திச் சொல்லியிருக்கே! இது மோசடி. மோசடி பண்ணி ஜெயிச்சா பந்தயம் செல்லாது!"

"ஏறி உட்காருங்க. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்றேன்."

அவர் ஏறவில்லை. அளவு சரியா தப்பா என்று அவருடைய தாடைக்கே தெரிந்திருந்தது. ஷெட் வாசலில், நேற்றுவரை தன்னுடையதாக இருந்த படியில், மெல்ல உட்கார்ந்தார். குண்டூசி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் மறந்துபோனார்.

"அஞ்சும் நிஜம், ஆறும் நிஜமா?"

"எல்லாமே நிஜம்தாங்க."

"உனக்குத்தான் ஷெட் மேல அவ்வளவு ஆசையாச்சே. ஒரு பொய் சொல்லியிருக்கலாமே?"

அவள் மெஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களே!"