டைரக்டர் சுருளிவேல் ஓடிய ஞாயிறு

உலகத்தில் ஓடுகிறவர்கள் உண்டு. ஓடுகிறவர்களைக் கைதட்டி வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. ஓடி முடித்தவருக்குப் பக்கத்தில் சரியான நேரத்துக்கு வந்து நிற்கும் இனம். விளையாட்டுத் துறை இயக்குநர் என்று கதவில் பலகை மாட்டியிருக்கும். அடைமொழி தேவைப்படாத ஊர்களில் வெறும் 'டைரக்டர்'.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். மடிப்புக் கலையாத டிராக் சூட், தொப்பையின் மேல் சாய்ந்து படுத்திருக்கும் விசில், மண்ணைத் தொட்டறியாத வெள்ளை ஷூ. பத்திரிகைப் படத்தில் ஒரு கபடிக் குழு கோப்பையோடு நின்றால், நடுவில் கோப்பையைக் கட்டிப் பிடித்திருப்பவர் அவர்தான். ரைடு போய் முட்டியை உடைத்துக்கொண்டவன் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பான்.

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் (பெயர் எதற்கு, வம்பு). அங்கே டைரக்டராக வீற்றிருந்தவர் சுருளிவேல். இளவயதில் மாவட்டப் போட்டி ஒன்றில் ஓடி நாலாவதாக வந்தவர். மூன்று பேர் மேடையேறினார்கள். அவர் கீழே நின்று பார்த்தார். அப்போதுதான் ஓர் உண்மை அவருக்குப் பளிச்சென்று விளங்கியது: ஜெயித்தவன் மேடையில் நிற்பது ஒரு நிமிஷம், பதக்கம் மாட்டுகிற ஆசாமி நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அன்றோடு ஓடுவதை விட்டார். உயரத் தொடங்கினார்.

அந்த உயர்வைக் கேளுங்கள். பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தபோது மைதானத்திலேயே நின்றார். கல்லூரிக்குப் போனதும் மைதானத்தைப் பார்த்த வராந்தா கிடைத்தது. பிறகு மாடி அறை; ஜன்னலைத் திறந்தால் மைதானம் தெரியும். பல்கலைக்கழக டைரக்டரானதும் ஏ.சி. அறை கொடுத்தார்கள். அதற்கு ஜன்னலே கிடையாது.

இப்படிச் சிறப்பாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் குறுக்கே ஓடிவந்தாள் சிவரஞ்சனி.

சிலமலைக்காரப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், கிணற்றுப் பாசனம். காலையில் தோட்டத்து வரப்பில் ஓடிவிட்டு, அதே வேகத்தில் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்கு வருபவள். தென்மண்டலப் போட்டிக்கு ஆள் எடுக்க டைரக்டர் ஒரு மலை ஓட்டம் அறிவித்தார். முந்தலில் தொடங்கி மேலே குரங்கணியில் முடியும். தேவையான நேரத்துக்குள் ஓடி, டைரக்டர் தன் கையால் அதைக் குறித்து ஒப்புதல் கொடுத்தால்தான் பெயர் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் கொடியசைத்தார். பிள்ளைகள் ஓடினார்கள். ஜீப்பில் முந்திப்போய் எல்லையில் நிற்க வேண்டியவர், ஏலக்காய் வியாபாரி மாரீஸ்வரன் கூப்பிட்டாரே என்று முந்தல் டீக்கடைக்குள் நுழைந்தார். அங்கே ஷால் இருந்தது. ஷால் இருந்தால் பேச்சு இருக்கும். பேச்சு இருந்தால் பதில் பேச்சு வேண்டாமா? "விளையாட்டுங்கிறது வெறும் விளையாட்டு இல்ல" என்று தொடங்கி அவர் முடிப்பதற்குள் வடை ஆறிவிட்டது.

ஒருவழியாக ஜீப் மலையேறிப் பாதி வழி போயிருக்கும். எதிரே ஒரு பெண் இறங்கி ஓடி வருகிறாள். சிவரஞ்சனிதான். பானெட்டில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

"என்னம்மா, பாதியிலேயே திரும்பிட்ட?"

"முடிச்சுட்டேன் சார். மேல யாருமே இல்ல. ரிப்பன்கூட இல்ல. மத்தவங்க அங்க மேல டீக்கடையில உக்காந்துட்டாங்க. ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சோன்னு நான் பாக்க வந்தேன்."

ரிப்பன் டைரக்டரின் மடியில் இருந்தது. அவர் அசரவில்லை. இந்த இனம் அசராது.

"ஒண்ணும் கெட்டுப்போகல ஆத்தா. தவசி, கேமராவை எடு. ரிப்பனை இங்கேயே பிடிப்போம். நீ அந்த வளைவுல இருந்து சிரிச்சுக்கிட்டே ஓடிவா."

"போட்டோ கிடக்கட்டும் சார். டைம் என்னன்னு எழுதுவீங்க?"

டைரக்டர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். அதை அமுக்கவே மறந்திருந்தார். பத்திரிகைப் படக்காரர் தவசி மலையைப் பார்த்தார். டிரைவர் பெரியகருப்பன் ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஓடுறேன் சார். மறுநாள் பேரு அனுப்பக் கடைசி நாளு. ஒரே ஒரு ஒத்தாசை. எனக்கு முன்னால மேல போயிருங்க. போதும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் எளிதாகச் சமாளித்திருப்பார். கெஞ்சலாகவும் இல்லை. பஸ் டிரைவரிடம் 'கொஞ்சம் நிறுத்தி ஏத்திக்கங்க' என்பதுபோல் சொன்னாள். அது அவரை என்னவோ செய்தது. "சத்தியமா வர்றேன்" என்றார்.

மறு ஞாயிறு. மற்றவர்கள் ஒருதரம் ஓடியது போதும் என்று விட்டுவிட்டார்கள், அவள் ஒருத்திதான். டைரக்டர் கொடியசைத்தார், வாட்சை அமுக்கினார், ஜீப்பில் தாவினார். "வெரசா விடுப்பா!" முந்தல் டீக்கடை வந்தது, திரும்பியே பார்க்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் குரங்கணிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை அடைத்துக்கொண்டு கொட்டுமேளம், ரோஜா மாலை, பளபளவென்று ஒரு ஷால். மாரீஸ்வரன்!

"நிறுத்தாத!" என்று டைரக்டர் கத்தினார். நம்புங்கள், அவர்தான் கத்தினார்.

ஜீப் நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கங்கய்யா," என்றார் பெரியகருப்பன். "ஷாலைப் பாத்தா காலு தானாப் பிரேக்குக்குப் போயிருது."

"டைரக்டரண்ணே! போன வாரம் ஓட்டத்தை ஜம்முனு நடத்திக் குடுத்ததுக்கு ஒரு சின்னப் பாராட்டு" என்று மாரீஸ்வரன் ஷாலைப் போர்த்தினார். கொட்டு முழங்கியது, பேச்சுக்கு மேல் பேச்சாக நேரம் ஓடியது. அதற்குள் மேலிருந்து ஏலக்காய் லோடு ஜீப் ஒன்று இறங்கி மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் முடியாது. அப்போது கீழ் வளைவில் சிவரஞ்சனி தெரிந்தாள். சீராக, தலை ஆடாமல் ஏறி வந்தாள். கூட்டத்தின் ஓரமாகப் புகுந்து அவரைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்த்தாள். வையவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்த பார்வை.

டைரக்டர் ஓடினார்.

ஷாலோடு ஓடினார். விசில் தொப்பையில் இடமும் வலமும் அடித்தது. வெள்ளை ஷூவில் செம்மண் அப்பியது. முதல் வளைவில் முட்டி கத்தியது, இரண்டாவது வளைவில் நெஞ்சு. ஆனால் காதோரம் காற்று உரசிப் போனதே, அதை அவர் எத்தனையோ வருஷமாக மறந்திருந்தார். முன்னால் அந்தப் பெண்ணின் சடை தெரிந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடினார். எல்லையாக வைத்த சிறு பாலத்தை அவள் தாண்டிய கணம், பின்னாலிருந்தே வாட்சை அமுக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்.

"சார், டைம்?"

வாட்சை நீட்டினார். அவள் பார்த்தாள். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டாள். தேவையான நேரத்துக்குள் வந்திருந்தாள். அவர் ஷாலை எடுத்து அவளிடம் நீட்டினார், வியர்வை துடைக்க. தவசி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அய்யா, இன்னொருக்க ஓடச் சொல்லுங்க. படம் எடுத்துருவோம்."

"போடா," என்றார் டைரக்டர்.

பெயர் போயிற்று. அவள் போனாள், வெள்ளிப் பதக்கத்தோடு வந்தாள். டைரக்டர் திருந்திவிட்டார் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். என்ன செய்வது? பாராட்டு விழா வைத்தார்களே! முதல் மேடையில், "கடைசிக் கொஞ்ச தூரம் நானும் கூட ஓடினேன்" என்றார். உண்மை. பக்கத்து ஊரான தேவாரத்தில் நடந்த கூட்டத்தில் அது பாதி மலையாகியிருந்தது. பல்கலைக்கழக ஆண்டு விழாவில், "முந்தலிலிருந்து நாங்கள் இருவரும் ஓடினோம். எல்லைக்குப் பக்கத்தில் நான்தான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்" என்றார்.

முன்வரிசையில் சிவரஞ்சனியின் தோழி சுஜாதாவுக்குப் பொறுக்கவில்லை. "எந்திரிச்சுக் கேளுடி!"

"சும்மா இரு," என்றாள் சிவரஞ்சனி. "காலையில கிரவுண்டுக்கு வர்றாருடி இப்ப. வந்து நிக்கிறாரு, டைம் பாக்குறாரு. பேச்சு கிடந்துட்டுப் போகுது."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. நேற்று சாய்வு நாற்காலியில் முறுக்குத் தட்டோடு கிரிக்கெட் பார்த்தீர்கள். கடைசிப் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதும் துள்ளி எழுந்து பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி என்ன கத்தினீர்கள்? "ஜெயிச்சுட்டோம்!"

அந்த 'ஓம்' இருக்கிறதே, அதில் நீங்கள் ஓடியது எவ்வளவு தூரம்?