சர்ச் சாவியும் என் இடது கையும்

எனக்கு வலிப்பு கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. இதை எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து லுணுகலை வரை இத்தனை வருடமாகத் தொண்டை கிழியச் சொல்லிவருகிறேன். ஒருவரும் நம்புவதாக இல்லை.

லுணுகலையிலிருந்து பெண் வீட்டார் ஞாயிறு ஆராதனைக்கு வந்து என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. பெண்ணின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மாமா சும்மா இருந்தாரா? "பையன் கிட்டாரெல்லாம் வாசிப்பானுங்க" என்று அவர்களிடம் அவிழ்த்துவிட்டார். (கிட்டாரை வாங்கியே மூன்று வாரம்தான்!)

போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் லேசாக இருக்க வேண்டும், விரல் நுனியால் அழுத்த வேண்டும், மணிக்கட்டை மடக்கக் கூடாது என்று அதில் ஒருவர் முதல் பத்து நிமிடம் சொன்னார். (பிறகுதான் அதைப் போட்டுக் கேட்டேன்.) டேட்டா வீணாகிறதே என்று அதைத் தள்ளிவிட்டு நேரே பாட்டுக்குப் போன மகா புத்திசாலி நான். அப்போது தோட்டத்தில் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குறைப்பது. நான் இடக்கையன். கத்தியைப் பிடிக்கிற பிடியிலேயே கிட்டாரின் கழுத்தையும் பிடித்தேன்.

ஞாயிறு ஆராதனையில், பாட்டின் மூன்றாவது சரணத்தில் இடது கை அப்படியே இறுகிவிட்டது. பாட்டு முடிந்தது, சபை உட்கார்ந்தது, கை மட்டும் விடவில்லை. வலியில் பல்லைக் கடித்தேன். வாய் கோணியது, தோள் உதறியது.

"ஐயையோ, வலிப்பு! இரும்ப குடுங்க!"

கத்தியது யார்? என் சொந்த மாமா!

உபதேசியார் ஓடிவந்து சர்ச் சாவிக்கொத்தை என் வலது கையில் திணித்தார். நாலு பேர் சேர்ந்து என்னைத் தரையில் கிடத்தினார்கள். நெஞ்சின் மேல் கிட்டார்.

"வலிப்பு இல்லீங்க! கை பிடிச்சுக்கிச்சு!" என்று அலறினேன்.

"பேசாதப்பா, நாக்க கடிச்சுக்குவ" என்றார் உபதேசியார்.

(உண்மையிலேயே வலிப்பு வந்தவனுக்குத்தான் சாவி என்ன செய்துவிடும்? கேட்டால் எனக்குத்தான் கோபம் அதிகமாம்.)

விரல்கள் விட்டு நான் எழுந்தபோது பெண் வீட்டார் இருந்த பெஞ்சு காலி. மறுவாரம் பதில் வந்தது: "தங்கமான பையன்தாங்க. ஒடம்ப பாத்துக்கச் சொல்லுங்க." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு மடுல்சீமையில் பெண் எடுத்தேன். கல்யாணத்தன்றே மனைவியிடம் இந்தக் கதையைச் சொல்லிவைத்தார் மாமா. அவர் வாயில் மண்ணைப் போட!

போன வாரம் மகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தேன். "கட்டைவிரல லேசா வையிம்மா, இறுக்காத." கேட்டால்தானே?

"அப்பா, கை வலிக்குது!"

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். அலுமாரிச் சாவியை வைத்துவிட்டுப் போனாள். வலிக்குது என்றது மகள். சாவியை வைத்தது என் கையில்!