குப்பன் குபேரன் ஆன கதை

மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் நாண்டி விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான், தன் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று விஜேந்திர குப்பனுக்குத் தெரிந்தது. கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தாவின் பெயர் அது. பெயர் மிஞ்சியது, தமிழ் மிஞ்சவில்லை.

"குப்பைன்னு அர்த்தம்" என்றார் இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருந்த கோயில் குருக்கள், போனில்.

"சாமி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?"

வருகிறவர்கள் பிரிஸ்பேனில் குடியேறிய கடலூர்க்காரர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுவார்களாம்.

"அப்ப இத்தனை நாளா நம்மளை நினைச்சுச் சிரிச்சிருப்பாங்க" என்றாள் மனைவி பிரமிளா.

விடிந்ததிலிருந்து டாக்சி ஓட்டிய அலுப்பு விஜேந்திராவுக்கு. படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும், அன்று இரவு வந்தவர்களுக்குத் தேங்காய்ப்பால் மீன் குழம்பைப் பரிமாறும்போது, யாரும் கேட்காமலே ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"எங்க பேரு நிஜத்துல குபேரன். கப்பல்ல பேர் எழுதின வெள்ளைக்காரனுக்குக் காது சரியில்ல."

மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம் மெல்லுவதை நிறுத்தினார். "குபேரனா?"

"பெரிய ஜமீன்."

"ஜமீன்தார் எதுக்குங்க கரும்பு வெட்ட வந்தாரு?"

"அது... கோவிச்சுக்கிட்டு."

"யார்கிட்ட?"

"ராஜாகிட்ட."

பிரமிளா அவர் முழங்காலில் இடித்தாள்.

"எந்த ஊர் ஜமீன்?" என்றார் மாப்பிள்ளையின் வக்கீல் மாமா. "கேஸ் போட்டா உங்க பங்கு வந்துடுமே!"

"மெட்ராஸ்."

"மெட்ராஸ்ல ஏதுங்க ஜமீன்?"

"வித்துட்டாங்க. கடலை ஒட்டி... மொத்தமா."

மாப்பிள்ளையின் அம்மா சாப்பிட்ட கையை மடக்கிக்கொண்டு எழுந்தார். "கிளம்புங்க, போகலாம்."

மகள் ரோஷ்ணியின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் விஜேந்திராவிடம் மிச்சமிருந்த தெம்பும் போய்விட்டது.

"அம்மா, உட்காருங்க. ஜமீனும் இல்ல, மண்ணும் இல்ல. நாங்க குப்பைதான். இன்னிக்குத்தான் எனக்கே தெரியும். வெட்கத்துல உளறிட்டேன்."

அந்த அம்மாள் நீளமாக மூச்சு விட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

"எங்க மாமனார் பேரு மண்ணாங்கட்டி. மூணு பிள்ளை தவறி நாலாவதா பொறந்தவரு, எமனுக்குக்கூட வேண்டாத பேரா இருக்கட்டும்னு வெச்சாங்க. உங்க பேரைக் கேட்டதுமே, இவங்களும் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்த குடும்பம்தான்னு சம்மதிச்சோம். அதைப் போய்க் குபேரன்னு சொல்லி வயித்துல புளியைக் கரைச்சிட்டீங்களே!"