ஆறும் எட்டும் அறுபத்தெட்டு

எனக்குக் கணக்கு வராது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். கூட்ட வேண்டிய இடத்தில் ஒட்டி வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி. பெரம்பலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். காலேஜ் முடித்திருந்த நான் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்ப் படித்தேன். (ஆறு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னால் போகணும்!) முதலில் தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து அம்புக்குறியால் இணைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் புரோகிராம் எழுதுவோம்.

"ஒரு பெட்டியிலேர்ந்து அடுத்ததுக்குப் போறது எழுத்தா, எண்ணான்னு பாரும்மா. எழுத்தா இருந்தா எண்ணா மாத்திட்டுக் கூட்டு. இல்லன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சிடும்" என்று சார் தினமும் சொல்வார். நானும் தினமும் தலையாட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் ஆண்டிமடம். இரண்டு வீட்டாருக்கும் சமையல்காரர் தனித்தனியாகச் சொன்ன காய்கறி அளவைக் கம்ப்யூட்டரில் கூட்டித் தருவதாக அறிவித்தேன். (விரல் விட்டே கூட்டியிருக்கலாம்.) எல்லாம் எழுதி முடித்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா, "பரங்கிக்காய விட்டுட்டியேடி" என்றாள். எங்கள் வீட்டுக்கு ஆறு, மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டு. அவசரமாக இரண்டு பெட்டி சேர்த்தேன். எண்ணாக மாற்றும் வரியை மறந்தேன்.

அச்சடித்த தாளைப் பத்திரமாக ஏந்திப் போய், அப்பா கல்லங்குறிச்சியில் ஒரு விவசாயியிடம் கொடுத்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, மாட்டுவண்டி நிறைய பரங்கிக்காய் வந்து இறங்கியது.

"அறுபத்தெட்டு இருக்கு. சரிபாத்துக்குங்க" என்றார் விவசாயி.

சமையல்காரர் திகைத்தார். "நான் மொத்தமே பதினாலுதானுங்களே சொன்னேன்?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுய்யா. ஒன்னவிட அதுக்குத் தெரியும்" என்றார் அப்பா.

சமையல்காரர் அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டார். சமைத்தார். சாம்பாரில் பரங்கி, கூட்டில் பரங்கி, பொரியலில் பரங்கி, பாயசத்தில்கூடப் பரங்கி.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஹெட்மாஸ்டர். பாயசத்தை ஒரு வாய் வைத்தவர் எழுந்துவிட்டார். "எங்கள அவமானப்படுத்தணும்னே செஞ்சிருக்கீங்களா?" அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. கதவோரம் நின்ற அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தானாகவே பந்திக்கு நடுவில் போய் நின்றேன்.

"நான்தாங்க செஞ்சது. ஆறும் எட்டும் அறுபத்தெட்டுன்னு போட்டுட்டேன்."

"என்ன படிச்சிருக்கே?" என்றார் பெரியப்பா.

"பி.எஸ்ஸி.ங்க."

"என்ன பாடம்?"

"கணக்குங்க."

மாப்பிள்ளைக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டுப் புரையேறியது. அவர் தலையில் தட்டப் போன பெரியப்பா, தட்டிக்கொண்டே தானும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எப்படிக் கோபமாக நிற்பது? உட்கார்ந்தார். மற்ற நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்காரர் ஆண்டிமடத்திலிருந்து கைக்கு ஒன்றாக இரண்டு பரங்கிக்காயோடு வருவார். தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார்:

"பதினொண்ணு கொண்டாந்திருக்கேன், எண்ணி எடுத்துக்கம்மா!"