ஜாடியைத் தொட்ட நடுவர்

ஜாடியின் கைப்பிடி என் கையில் இருந்தது. ஜாடி மேஜையில் இருந்தது.

அது என் மனைவிக்கு அவள் அண்ணன் கொடுத்த நீலக் கண்ணாடி ஜாடி. மச்சான் பளு தூக்கும் பயிற்சியாளர். அன்போடு கை குலுக்கினாலே எனக்கு மூன்று நாள் பேனா பிடிக்க வராது. அப்பேர்ப்பட்டவர் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வருகிறார். அப்போது மணி பதினொன்று.

நான் சதுரங்கப் போட்டிகளில் நடுவர். அடுத்த மாதம் பத்து நாள் நடக்கும் பெரிய போட்டிக்கு முதல் முறையாகத் தலைமை நடுவர். பதினெட்டு வருடம் காத்திருந்து கிடைத்த நாற்காலி. அதே பத்து நாளும் தன் அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்க நான் வரவேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். முடியவே முடியாது என்று சொல்லியிருந்தேன். ஜாடி விஷயம் தெரிந்தால் முடியும்.

உயிரே போனாலும் எனக்கு விதிகள் மறக்காது. முந்தின நாள்தான் மண்டபத்தில் ஒரு தகராறு. எதிராளி குதிரையைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்திவிட்டான் என்று ஒருவர் புகார் சொன்னார். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், வாஸ்தவம். ஆனால் புகார்காரரும் அதற்குள் தன் காயைத் தொட்டு நகர்த்தியிருந்தார். "நீங்களும் தொட்டாச்சு சார். புகார் சொல்ற உரிமை போச்சு" என்று தீர்ப்பளித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை மூன்று தடவை பெருமையாகச் சொன்னேன்.

அதுதான் வழி! இழுப்பறையைத் திறந்தால் மேலாகவே ஒரு பசை டியூப் கிடந்தது. புதுசு, ஆனால் பாதி தீர்ந்திருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கைப்பிடியை ஒட்டினேன். இனி அவள் ஜாடியைத் தூக்கவேண்டும். கைப்பிடி அவள் கையோடு வரவேண்டும். உரிமை போச்சு!

"கொஞ்சம் தண்ணி தாயேன்" என்றேன் மனைவியிடம்.

"ஜாடியில இருக்கே. ஊத்திக்குங்க."

"நீ ஊத்திக் குடுத்தா நல்லாருக்கும்."

ஏற இறங்கப் பார்த்தாள். சமையலறைக் குழாயில் பிடித்து ஒரு டம்ளர் நீட்டினாள். குடித்தேன். அரை மணி கழித்து மறுபடி கேட்டேன். மறுபடியும் குழாய். ஐந்தாவது டம்ளரில் வயிறு பானையாகிவிட்டது.

"என்னங்க, இப்படி வேர்க்குது. தாகமா, பயமா?"

"பயமா? எனக்கா? அந்த ஜாடியைக் கொஞ்சம் அலமாரியில வையேன்."

"ஏன், ஜாடிக்கு என்ன?"

"ஜாடிக்கு ஒண்ணுமில்லையே! யாரு ஜாடியைப் பத்திப் பேசினா?"

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கட்டடமே அதிர்ந்தது. மச்சான்தான். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, ஐந்து டம்ளர் தண்ணீருக்கு அப்புறமும்.

"உடைச்சிட்டேன்! உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே!"

அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. என் ஆட்டக் குறிப்புத் தாள் ஒன்றைக் கிழித்து, 'பத்து நாள். அம்மா வீடு. வெள்ளையடிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்களும் போடுங்க. அண்ணனை நான் பாத்துக்கிறேன்."

"என் தலைமை நடுவர் பதவி…"

கதவு இடிபட்டது. போட்டுவிட்டேன். பதினெட்டு வருடம் ஒரு கையெழுத்தில் போயிற்று. அழுகையே வந்துவிட்டது.

மச்சான் உள்ளே வந்தார். "என்ன மாப்பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றபடியே ஜாடியைத் தூக்கினார். கைப்பிடி மட்டும் வந்தது.

"என்னம்மா இது? புதன்கிழமை நீ உடைச்சப்பவே பசை வாங்கிக் குடுத்தேனே. சரியா ஒட்டலையா?"

மனைவி பக்கம் திரும்பினேன். "புதன்கிழமையா? நீயா உடைச்சே?"

"ஆமாங்க. ஒட்டி வெச்சுட்டு, நீங்க எப்பத் தொடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். தொட்டாச்சு. புகார் சொல்ற உரிமை போச்சு."

"அந்தத் தாள் செல்லாது!"

"போன வாரம் ஜெயிச்சவரு, தோத்ததா எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு உங்க முன்னாடி அழுதாரே, அவருகிட்ட என்ன சொன்னீங்க? ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா, தப்பா இருந்தாலும் அதுதான் முடிவுன்னு சொன்னீங்களா இல்லையா?"

சட்டென்று எனக்கு உயிர் வந்தது. "விதியை முழுசாச் சொல்லு! நடுவர் நினைச்சா முடிவை மாத்தலாம்னும் இருக்கு!"

"அப்படியா? இந்த வீட்டுக்கு நடுவர் யாருங்க?"

மச்சானைப் பார்த்தேன். அவர் கைப்பிடியைப் பாசமாக இரண்டாக ஒடித்துக்கொண்டிருந்தார்.

"நீதாம்மா" என்றேன்.

அவள் தாளை எடுத்தாள். பத்தை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினாள்.